பூநாரையின் முழங்கால் வரை

பழவேற்காட்டுக்குக் கிளம்பும் நாளில் என் பையில் பைனாகுலர், குறிப்பேடு, இரண்டு பாட்டில் தண்ணீர், எலுமிச்சைச் சாதம் ஆகியவற்றோடு ஒரு மர மீட்டர்கோலும் இருக்கும். நான் வேலை பார்க்கும் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில், முனை சிதைந்துவிட்டது என்று கழித்துப்போட்ட கோல் அது. பூஜ்யத்துக்குப் பதிலாக இரண்டு சென்டிமீட்டரில் தொடங்கும். பை கொள்ளாமல் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பொன்னேரி பஸ்ஸில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சர்வேயா அம்மா?" ஆமாம் என்றுதான் சொல்வேன். பொய்யும் இல்லை. 2012 முதல் ஒவ்வொரு தை மாதமும் அந்த ஏரியின் ஓரத்தில் அந்தக் கோலை ஊன்றி, நீர்மட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுதி வைத்திருக்கிறேன். பறவைகளின் எண்ணிக்கை அதற்கு அடுத்த வரியில் வரும்.

இந்த வரிசையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மீனவப் பெரியவர். அந்த முதல் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு, 2011 கிறிஸ்துமஸ் அன்று, பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்திருந்தார்கள். நான் போனபோது ஊரே அதிலிருந்து மீளாமல் இருந்தது. வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போவது நின்றுபோயிருந்தது. அதைக் கேட்பதற்கே வாய் வரவில்லை. படகில் போனால்தான் பூநாரை, அதாவது ஃபிளமிங்கோ, பார்க்கலாம் என்று நம்பி வந்த நான், யாரோ சொன்னார்கள் என்று அண்ணாமலைச்சேரிப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். கரை நெடுக சீமைக்கருவேலம். அதற்கப்பால் சேறு. சேற்றுக்கப்பால் வானத்தின் நிறத்திலேயே தண்ணீர். தொடுவானத்தில் வெள்ளையாக ஒரு கோடு கிழித்திருந்தது. அந்தக் கோடுதான் பூநாரைகள் என்று எனக்குத் தெரியவில்லை. இளஞ்சிவப்பாக ஏதாவது தெரியுமா என்று ஒரு மணி நேரம் அலைந்தேன்.

வலையைப் பிரித்துப் போட்டு முடிச்சுப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெரியவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பறவையைத் தேடாதீர்கள் அம்மா. தண்ணீர் எங்கே எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். அது தெரிந்துவிட்டால் எது எங்கே நிற்கும் என்று தானாகத் தெரியும்." பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிக்குள் நடந்தார். ஐம்பது அடி போனார், நூறு அடி போனார், இருநூறு அடி போனார். தண்ணீர் அவர் கணுக்காலைத் தாண்டவில்லை. அங்கிருந்தபடியே கையை நீட்டிக் காட்டினார்: இதுவரைக்கும் உள்ளான், அந்தக் கழி வரைக்கும் வாத்து, அதற்கு அப்பால் அவை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த மீட்டர்கோலைக் கேட்டு வாங்கினேன்.

பழவேற்காடு ஏரி எவ்வளவு பெரியது என்று கேட்டால் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. நீர் பெருகியிருக்கும்போது 450 சதுர கிலோமீட்டர் என்பார்கள், வற்றினால் 250. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த இடம் இதற்கு. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தெற்கு ஓரம் மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா ஒரு நீண்ட மணல் திட்டாகப் படுத்திருக்கிறது. இத்தனை பரப்புக்கும் பல இடங்களில் ஓர் ஆள் நின்றால் இடுப்புக்கு மேல் தண்ணீர் வராது. ஏரி என்றதும் நாம் நினைக்கும் ஆழம் இங்கே கிடையாது. தட்டில் ஊற்றிய பால் போல அகலமாக, மெல்லியதாகப் பரந்து கிடக்கிறது. அதனால்தான் ஒரு சாண் ஏறினாலும் இறங்கினாலும் எத்தனையோ சதுர கிலோமீட்டர் சேறு மூழ்குகிறது அல்லது வெளியே வருகிறது. பறவைகளின் குளிர்காலம் முழுவதும் அந்த ஒரு சாணுக்குள்தான் நடக்கிறது.

கோலை ஊன்றிப் பார்த்தபோது எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். தண்ணீரே இல்லாத ஈரச் சேற்றில் கொசு உள்ளான்கள் ஓடும். என்ன பொருத்தமான பெயர்! இருபது முப்பது கிராம்தான் எடை. சைபீரியாவின் வடகோடியில், ஆர்க்டிக் ஓரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து, தையல் மெஷின் ஊசி போலச் சேற்றைக் குத்திக்கொண்டே போகும். அவற்றுக்கு நடுவே உப்புக்கொத்திகள்: ஓடும், நிற்கும், பார்க்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். உள்ளான் மூக்கால் தடவித் தேடுகிறது, உப்புக்கொத்தி கண்ணால் தேடுகிறது என்பதை அந்த நடையிலேயே கண்டுகொள்ளலாம். கோலில் ஐந்து சென்டிமீட்டர் காட்டும் இடத்தில் பவளக்காலி. பத்தில் பச்சைக்காலி, கூடவே நெடுங்கால் உள்ளான். நீண்ட நேர்மூக்கை அடிவரை செருகிக்கொண்டு தலையையும் தண்ணீருக்குள் அமிழ்த்தும் கருவால் மூக்கன்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே. ஒன்றின் காலும் மூக்கும் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழத்தில் அது நிற்கிறது. ஒரே சேறுதான், ஒரே புழுதான். ஆனால் பந்தியில் இலை போட்டதுபோல ஒவ்வொன்றுக்கும் தனி இடம்.

வாத்துகளுக்குக் கால் கணக்கு இல்லை, கழுத்துக் கணக்கு. ஊசிவால் வாத்தைப் பாருங்கள். மிதந்துகொண்டே தலைகீழாகக் கவிழ்ந்து, வாலை வானத்துக்குக் காட்டி, கழுத்தைத் தரை வரை நீட்டி மேயும். அந்தக் கழுத்து எட்டும் வரைதான் அதற்கு ஏரி. அதற்கு மேல் ஆழமானால் கீழே எவ்வளவு தீனி கிடந்தாலும் அதற்குப் பயனில்லை. அதே ஆழத்துக்கு எட்டாத குட்டைக் கழுத்துக் கிளுவைகள் கரைக்கு அருகில் ஒதுங்கும். தட்டைவாயன்கள் கவிழ்வதே அபூர்வம். அகன்ற அலகைத் தண்ணீரின் மேல்தோலில் வைத்து வடிகட்டிக்கொண்டே சுற்றிச் சுற்றி நீந்தும். ஒன்றின் பின்னால் ஒன்றாக வட்டமிட்டு, முன்னே போவது கலக்கிவிட்டதைப் பின்னே வருவது அள்ளும். ஒருநாள் நாற்பது ஐம்பது தட்டைவாயன்கள் இப்படிச் சக்கரம் சுற்றியதை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டியதுகூடத் தெரியவில்லை.

கோலில் முப்பதிலிருந்து அறுபது எழுபது வரை காட்டும் பரந்த வெளி பூநாரைகளுக்கு உரியது. காலில் பின்பக்கமாக மடங்குவதை நாம் முழங்கால் என்கிறோம். உண்மையில் அது கணுக்கால். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. இருந்தாலும் பள்ளிக்கு வெளியே நான் அதை முழங்கால் என்றே சொல்லிக்கொள்கிறேன். அந்தக் கணு நனைந்தால் பூநாரைக்கு வசதியான ஆழம் என்று என் குறிப்பேடு சொல்கிறது. குனிந்து, அலகைத் தலைகீழாகத் திருப்பி, தன் கால்களைத் தானே பார்ப்பதுபோல வைத்துக்கொண்டு மேயும். நாக்கு பம்பு போல வேலை செய்து சேற்று நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் இருக்கும் சீப்பு போன்ற பற்கள் பாசியையும் பொடிப்பொடியான இறால் இனங்களையும் தடுத்து வைத்துக்கொள்ளும். சில நேரம் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதித்து, மெதுவாக வட்டமடித்துச் சேற்றைக் கிளப்பும். தண்ணீர் வற்றிய பிறகு அந்த வட்டங்கள் சேற்றில் கோலம் போலப் பதிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த இளஞ்சிவப்பு, அவை தின்னும் பாசியிலும் பூச்சியிலும் உள்ள நிறமி. குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறம்தான். முழு நிறம் வரச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே கூட்டத்தில் சாம்பல் தலைகள் எத்தனை என்று நான் தனியாக எண்ணுகிறேன். இந்தியாவில் பூநாரைகள் லட்சக்கணக்கில் சேர்ந்து மண்கூடு கட்டும் இடம் குஜராத்தின் கச்சு உப்புவெளி. அங்கேயோ வேறெங்கேயோ போன வருடம் மழை சரியாகப் பெய்து குஞ்சுகள் பிழைத்ததா என்பதை இந்தச் சாம்பல் தலைகள் சொல்லிவிடும். ஒன்றுகூட இல்லாத வருடத்தில், கூட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும், எனக்கு மனம் நிறைவதில்லை.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை ஊர்க்காரர்களிடம்தான் கற்க வேண்டும். தெற்கே ஆரணி ஆறு, மேற்கே காளங்கி, வடக்கே சொர்ணமுகி. ஐப்பசி, கார்த்திகையில் இவை கொண்டுவந்து கொட்டும் நல்ல தண்ணீரால் ஏரி நிரம்பும், உப்பு குறையும். பழவேற்காடு முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வரும், வெளியே போகும். வெயில் ஏற ஏற ஆறுகள் வற்றி, அலை கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைக்கும். அடைபட்டால் கடல்நீர் வராது. நீரோடு வரும் இறால் குஞ்சும் வராது. உள்ளே இருக்கும் தண்ணீர் காய்ந்து கடலைவிட உப்பாகிவிடும். அடைபட்ட வாயை மீனவர்களே மண்வெட்டியோடு போய் வெட்டித் திறந்த கதைகளைக் கேட்டிருக்கிறேன். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது அவர்கள் நெடுநாளாகக் கேட்டு வந்தது. பறவை பார்க்க வருபவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம். வாய் அடைபட்டால் மீனவர் வலையும் காலி, பூநாரையின் அலகும் காலி.

டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கட்டிய கோட்டையைப் பற்றியும், மண்டை ஓடு செதுக்கிய கல்லறைகளைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அவற்றைவிடப் பெரிய அதிசயம் 'பாடு'. எந்த நாளில் எந்த ஊர்க்காரர் ஏரியின் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று குலுக்கல் போட்டு முறை வைக்கும் வழக்கம் அது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் எல்லோருக்கும் சுற்றி வரும். எழுதிய பத்திரம் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கிறது. தண்ணீரில் கோடு போட முடியாது என்பார்கள். இவர்கள் போட்டிருக்கிறார்கள்.

கணக்கெடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இல் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் பல நாடுகளில், பெரும்பாலும் என்னைப் போன்ற தன்னார்வலர்கள், தங்கள் ஊர் நீர்நிலைகளில் நின்று எண்ணுகிறார்கள். ஜனவரி ஏன் என்றால், அப்போதுதான் வலசை வந்தவை ஓரிடத்தில் நிலைகொண்டிருக்கும். செப்டம்பரில் எண்ணினால் இன்று இருப்பது நாளை இருக்காது. ஏப்ரலில் எண்ணினால் பாதி கிளம்பியிருக்கும்.

எண்ணுவது எப்படி என்று மாணவர்கள் கேட்பார்கள். முதலில் பத்துப் பறவைகளை ஒன்றொன்றாக எண்ணி, அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்று மனத்தில் பதிய வைக்க வேண்டும். அந்த அகலத்தைப் பத்து முறை நகர்த்தினால் நூறு. பிறகு நூறு நூறாகக் கூட்டத்தின் மேல் அடுக்கிக்கொண்டே போக வேண்டும். வாத்துக் கூட்டம் நடுவில் அடர்ந்து ஓரத்தில் மெலிந்திருக்கும். ஓரத்தில் பழகிய கண் நடுவில் குறைத்து எண்ணிவிடும். இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, ஒருவர் எண்ணை மற்றவருக்குச் சொல்லாமல் எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும். பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் வந்தால் சந்தோஷப்படுவோம். பாதிக்குப் பாதி வந்தால் மறுபடி தொடக்கத்திலிருந்து.

முக்கால்வாசி எண்ணி முடித்திருக்கும் நேரத்தில் பொரி வல்லூறு வரும். அதைக் கண்ணால் காண்பதற்கு முன்பே தெரிந்துவிடும். சேறு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த சின்னச் சின்னக் கீச்சொலிகள் ஒரே நொடியில் நின்றுவிடும். அடுத்த நொடி உள்ளான்கள் அத்தனையும் வானத்தில் இருக்கும். வெள்ளை வயிறு காட்டி ஒரு பக்கம் திரும்பும்போது கூட்டம் பளிச்சென்று மின்னும். பழுப்பு முதுகு காட்டி மறுபக்கம் திரும்பும்போது காணாமலே போய்விடும். ஆயிரம் பறவைகள் மோதிக்கொள்ளாமல் ஒரே துணி மடிவதுபோல மடிந்து திரும்புவதைப் பார்த்து ஒருமுறை எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவி அழுதேவிட்டாள். நான் அவளை ஏன் என்று கேட்கவில்லை. சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தால் இவ்வளவு கலவரம் இராது. வாத்துகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நாலடி தள்ளிப் போகும். விராலடிப்பான் தலைக்கு மேலேயே சுற்றினாலும் எவையும் அசைவதில்லை. அது மீன் தவிர வேறெதையும் தொடாது என்று அவற்றுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டுக் கரையோடு நிறுத்திக்கொண்டால் பாதி ஏரியைக்கூடப் பார்த்ததாகாது. ரயிலில் சூளூர்ப்பேட்டைக்குப் போய், ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில் திரும்ப வேண்டும். ஏரியின் குறுக்கே போட்ட சாலை அது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் பஸ். அட்டகானிதிப்பா அருகே இறங்கி நின்றால், அண்ணாமலைச்சேரியில் வெறும் கோடாகத் தெரிந்த பூநாரைகள் இங்கே ஒவ்வொன்றாகத் தெரியும்: அலகின் கருநுனி, மஞ்சள் கண், சிறகு விரியும்போது மட்டும் வெளிப்படும் செஞ்சிவப்பு. விண்வெளி மையத்து ஊழியர்களின் பஸ்கள் காலை மாலை அதே சாலையில் போகின்றன. பூநாரைகள் அவற்றுக்குப் பழகிவிட்டன. பஸ் நின்று ஆள் இறங்கினால்தான் கழுத்தை உயர்த்துகின்றன.

இன்னும் வடக்கே நேலபட்டு. ஒரு சின்ன ஏரி. தண்ணீருக்குள்ளேயே நிற்கும் மரங்களில் கூழைக்கடாக்கள் நூற்றுக்கணக்கில் கூடு கட்டுகின்றன. இவை வலசை வந்த விருந்தாளிகள் இல்லை, நம் மண்ணிலேயே பிறந்து வளர்பவை. ஆனால் குஞ்சுகளுக்கு மீன் தேடிப் பழவேற்காடு ஏரிக்குத்தான் வருகின்றன. காலை வெயில் ஏறி, சூடான காற்று மேலே எழத் தொடங்கியதும், சிறகடிக்காமல் வட்டமிட்டே உயர்ந்து, தெற்கு நோக்கி வழுக்கிக்கொண்டு போகும். திரும்பி வரும்போது தொண்டை நிறைய மீன். குஞ்சு தன் தலை முழுவதையும் தாயின் வாய்க்குள் விட்டு எடுத்துத் தின்னும். முதல்முறை பார்ப்பவர்களுக்குத் தாய் குஞ்சை விழுங்குவது போலத்தான் இருக்கும்.

பழவேற்காட்டு மீன் இறங்குதுறையில் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் எனக்குப் பிடித்தவை. லடாக், திபெத் பக்கம் உயரமான ஏரிகளில் பிறந்தவை, இங்கே வந்து ஏலம் போடும் இடத்தில் மீன் குடலுக்குச் சண்டை போடுகின்றன. பெயர்தான் பழுப்புத்தலை, நாம் பார்க்கும் டிசம்பர், ஜனவரியில் தலை வெள்ளையாக, காதருகில் ஒரு மைப்பொட்டோடு இருக்கும். பிப்ரவரி கடைசியில் பொட்டு பரவத் தொடங்கும். தலை முழுவதும் பழுப்பேறினால் ஊருக்குக் கிளம்பத் தயார். ஊசிவால் வாத்துகளிலும் இதே கதை: அக்டோபரில் வந்திறங்கும் ஆண்களைப் பெண்ணிலிருந்து பிரித்துச் சொல்வது கஷ்டம், பொங்கலுக்குள் சாக்லேட் தலை, வெள்ளைக் கழுத்து, ஊசிவால் எல்லாம் வந்துவிடும். ஜோடி சேர்வதுகூட இங்கேயே தொடங்கிவிடுகிறது. கூடு மட்டும்தான் வடக்கே.

2024 ஜனவரியில் என் கோல் முக்கால்வாசி மூழ்கியது. வழக்கமாக இருபது காட்டும் இடத்தில் எழுபத்து மூன்று. 2023 டிசம்பர் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலின் தண்ணீர் முழுவதும் வடிந்திருக்கவில்லை. உள்ளான்கள் ஓடும் சேறே இல்லை. வாத்துகள் எங்கேயோ வயல் பக்கம் ஒதுங்கியிருந்தன. பூநாரைகளின் கோடு அன்று தொடுவானத்தில் இல்லை. என்னோடு முதல்முறை வந்திருந்த ஆசிரியத் தோழி, "பறவைகள் அழிந்துவிட்டனவா?" என்று பதறினாள். கோலைக் காட்டினேன். இது அவற்றின் காலுக்கு எட்டாத தண்ணீர். எட்டும் இடம் தேடிப் போயிருக்கின்றன. நீர்க்காகங்களும் மீசை ஆலாக்களும் கூழைக்கடாக்களும் அன்று கொண்டாட்டமாக இருந்தன. குறிப்பேட்டில் ஏழெட்டு இனங்களுக்கு நேராகச் சுழியம் எழுதினேன். சுழியம் எழுதுவதற்குப் பழக வேண்டும்; அதுவும் ஒரு செய்திதான்.

ஆனால் அந்த ஜனவரியில் என்னை வேறொன்று வாட்டியது. அதே புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து, உடல் பழுப்பேறிய கூழைக்கடாக்களின் படங்கள் நாளிதழ்களில் வந்திருந்தன. எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் தூரம் அதிகமில்லை. பறவைக்கு அது தூரமே இல்லை. எண்ணெய் பட்ட இறகு நீரைத் தடுக்காது. நனைந்த பறவை குளிரில் விறைக்கும். அலகால் கோதினால் எண்ணெய் வயிற்றுக்குள் போகும். அன்று தென்பட்ட ஒவ்வொரு கூழைக்கடாவின் வயிற்றையும் பைனாகுலரில் பார்த்துக்கொண்டே இருந்தேன். எண்ணிக்கையை இரண்டு முறை தவறவிட்டேன். எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தன. அப்படியும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மூன்று வருடம் முன்பு, கரையில் இரண்டு கார்கள் வந்து நின்றன. பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தது அவர்களுக்குப் போதவில்லை. பறக்கும் படம் வேண்டும். ஒருவர் சேற்றில் இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டு ஓடினார், இன்னொருவர் ட்ரோனை ஏற்றினார். பூநாரைக் கூட்டம் முழுவதும் எழுந்து, இரண்டு கிலோமீட்டர் தள்ளி இறங்கியது. ஐந்து நிமிடம் கழித்து ட்ரோன் அங்கேயும் போனது. பூநாரை, கொக்கு போல நின்ற இடத்தில் எழும்பாது. தண்ணீரின் மேல் பத்திருபது எட்டு வைத்து ஓடித்தான் எழ வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒவ்வொரு சிறகடிப்புக்கும் விலை அன்று மேய்ந்த தீனி. மார்ச்சில் கிளம்ப வேண்டிய உள்ளானுக்கோ, உடம்பில் சேரும் கொழுப்புதான் வழிச்செலவு. இமயத்தைத் தாண்டிப் போவதற்குள் வழியில் கடையெதுவும் இல்லை. நான் போய்ச் சண்டை போட்டேன். "நாங்கள் ஒன்றையும் பிடிக்கவில்லையே மேடம்" என்றார்கள். வலை கட்டும் மீனவர்களைப் பாருங்கள், வருடம் முழுவதும் அதே தண்ணீரில்தான் நடக்கிறார்கள். பறவை அவர்களுக்காக எழுவதில்லை. வளைந்து, மெதுவாக, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை.

இந்த வருடம் பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை, கணக்கெடுப்பெல்லாம் முடிந்த பிறகு, எனக்காக மட்டும் ஒருமுறை போனேன். கரைக்கு வரும் வழியில் மின்கம்பியில் தகைவிலான்கள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தன. பஞ்சுருட்டான் ஒன்று தட்டாரப்பூச்சியைப் பிடித்துக் கம்பியில் அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. ஜனவரியில் நான் கோல் ஊன்றிய இடம் பிளந்த சேறாகி, உப்பு பூத்துக் கிடந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். தண்ணீர் தொடங்கும் இடத்துக்கு நெடுந்தூரம் போக வேண்டியிருந்தது.

அங்கே இருளர் பெண்கள் ஆறேழு பேர் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, விரலில் தட்டுப்படும் இறாலைப் பிடித்து, பல்லில் கவ்வியிருக்கும் ஓலைப் பறிக்குள் போடுவார்கள். அவர்களுக்கு அப்பால், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், பூநாரைகள் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. இரண்டு கூட்டமும் ஒரே பக்கமாக, ஒரே வேகத்தில் நகர்ந்தன. நான் அசையாமல் நின்றுவிட்டேன்.

ஒரு பெண் நிமிர்ந்து பறியைக் கையில் எடுத்துக்கொண்டு என் கோலைப் பார்த்தாள்.

"எவ்வளவு அம்மா காட்டுகிறது?"

"முப்பத்தெட்டு."

"போன வாரம் தொடை வரைக்கும் இருந்தது," என்றாள். "இன்னும் பத்து நாள் இங்கே தடவலாம். அப்புறம் வடக்கே போக வேண்டியதுதான்." பூநாரைகளைத் திரும்பிப் பார்த்தாள். "அவையும் போய்விடும்."

பறியை மறுபடி பல்லில் கவ்விக்கொண்டு குனிந்தாள். நான் முப்பத்தெட்டு என்று எழுதி, நேரத்தையும் எழுதினேன்: ஐந்து ஐம்பது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் நடு ஏரியில் தலையைச் சிறகில் செருகித் தூங்கிக் கிடந்த ஊசிவால் வாத்துகள் மேய்ச்சலுக்குக் கிளம்பும் நேரம் அது. முதலில் பத்துப் பன்னிரண்டு, பிறகு கூட்டம் கூட்டமாக, எங்கள் தலைக்கு மேலே மேற்குப் பக்கம் வயல்களை நோக்கிப் போயின. எண்ணப் பார்த்தேன். நூறைத் தாண்டியபோது இருட்டிவிட்டது. அதற்குப் பிறகு சிறகுச் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பெண்கள் கரைக்குத் திரும்பினார்கள். அவர்கள் நடந்து போன தடத்திலேயே காலை வைத்து நானும் வந்தேன்.